படத்துக்கு மேலே கதைத்த இருவர்

போன மாதம் தபால்கந்தோரில் கையெழுத்துப் போட்டு ஒரு பொதியை வாங்கி வந்தேன். வெளிநாட்டு முத்திரை, சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப். உள்ளே எங்கள் ஊரில் எடுத்த படத்தின் புளூ-ரே டிஸ்க் இருந்தது. தடித்த பெட்டி, கூடவே ஒரு சின்னப் புத்தகம், முகப்பில் எங்கள் குளக்கட்டு. குளக்கட்டு அவ்வளவு வடிவாக இருக்கும் என்பது இத்தனை வருடம் அதன் மேல் சைக்கிள் ஓடிய எனக்கே தெரியாது. டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க இலுப்பைக்கடவைப் பக்கம் ஒருவரிடமும் மெஷின் இல்லை. ஆகவே இப்போதைக்கு அதை எல்லோருக்கும் கையில் கொடுத்துக் காட்டுகிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'பாரமாத்தான் கிடக்கு' என்று திருப்பித் தருகிறார்கள்.

இந்த மாதிரி டிஸ்க் வாங்குகிறவர்கள் ஒரு தனி ரகம். தியேட்டரில் ஓடாத படம், பெயர் கேள்விப்படாத ஊர், பாட்டில்லை, சண்டையில்லை. ஆனாலும் தேடி வாங்கி, அலுமாரியில் அடுக்கி, அதிலுள்ள ஒவ்வொரு துண்டையும் பொறுமையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும். அப்படி ஒருவர் எங்கள் டிஸ்க்கைப் பற்றி இணையத்தில் நீளமாக எழுதியிருந்தார். அதில் படத்தோடு சேர்த்து ஓடவிடக்கூடிய ஒரு பேச்சு இருக்கிறது. படத்தில் நடித்த இரண்டு பெண்களும் படத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் நேரே பேசாமல், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூன்றாவது ஆள் ஒருத்தி மூலமாகவே சொல்வது, படத்தின் மௌனத்தை மேலும் ஒரு படி கொண்டுபோகிற துணிச்சலான கலை முயற்சி என்று அவர் எழுதியிருந்தார்.

அந்த மூன்றாவது ஆள் நான்தான். அது கலையுமில்லை, முயற்சியுமில்லை. அவர்கள் இரண்டு பேரும் கோபம். அவ்வளவுதான் விஷயம்.

ஒருவர் என் அம்மா. மற்றவர் என் மாமி, அப்பாவின் அக்கா. அப்பா நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே போய்விட்டார். மாமா அதற்கும் முன்னமே. அண்ணா கனடாவுக்குப் போனான். ஆக, பக்கத்துப் பக்கத்து வளவில், நடுவில் ஒரு வேலியோடு, இரண்டு பெண்கள், கொஞ்ச வயல், கொஞ்ச ஆடு, ஒரு கிணறு. விடிந்ததும் கிணற்றடியில் கதை தொடங்கும். பிறகு அவரவர் குசினியில் சமைத்தபடி வேலிக்கு மேலால் தொடரும். என்ன கதைத்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று அப்போது நான் யோசித்ததேயில்லை.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெடியன் சின்னக் குழுவொன்றோடு படமெடுக்க வந்தான். வாடகைக்கு வீடு தேடி வந்தவனை மாமி உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். என்ன படம் என்று கேட்டார். அவன் பணிவாக, நடிக்கவே தெரியாத இரண்டு அம்மாமாரைத் தேடுகிறேன் என்றான்.

“எங்களுக்கு நடிக்கத் தெரியாதெண்டு உனக்கு ஆர் சொன்னது?” என்று மாமி ஏறினார். அவன் அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டான்.

படத்தின் கதையைச் சொல்லப்போனால் கதையே இல்லை. இரண்டு சகோதரிகள் ஒரு வீட்டில் காலபோக விதைப்புக்கு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகம் பேசிக்கொள்வதில்லை. மழை வருகிறது, அல்லது வரவில்லை. அதுவும் சரியாகத் தெரியாது. பேசாத சகோதரிகளாக நடிக்க ஊரிலேயே வாய் மூடாத இரண்டு பேரைப் பிடித்திருந்தார்கள். ஒலிப்பதிவு செய்ய வந்த பிள்ளை பாவம், காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை என் கண்ணால் கண்டேன். படத்தில் மாமி அக்கா, அம்மா தங்கச்சி. ஆனால் அம்மாவுக்கு மாமியை 'அக்கா' என்று கூப்பிட வாய் வரவில்லை. ஓரிடத்தில் ஆட்டுக் கயிறு தடக்கி விழப்போனவர் “ஐயோ மச்சாள்!” என்று வீட்டு முறையிலேயே கத்திவிட்டார். பெடியன் அதை அப்படியே படத்தில் விட்டுவிட்டான். ஆங்கில உபதலைப்பு எழுதியது நான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்ற ஒரே தகுதிதான். அந்த இடத்தில் நைசாக 'அக்கா' என்று மாற்றி எழுதிவிட்டேன். இன்றுவரை ஒரு வெள்ளைக்காரரும் கண்டுபிடிக்கவில்லை.

படம் எங்கெங்கோ விழாக்களுக்குப் போனது. எங்களுக்கு ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேர் இடையில் எழும்பிப் போனார்கள்; மீதிப் பேர் எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் அம்மாவும் மாமியும் ஒட்டியபடி இருந்து முழுப் படத்துக்கும் மேலே கதைத்தார்கள். அந்த ஆடு இப்போது இல்லை, அந்தச் சட்டி என்னுடையது, அன்றைக்கு உனக்குத் தடிமன், தும்மிக்கொண்டே இருந்தாய், இந்தக் கட்டத்தில் உன் முகம் ஏன் இப்படி இருக்கிறது, பேதி மருந்து குடித்த மாதிரி. பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பெடியனும் சிரித்தான். படத்தை விட அதுதான் நன்றாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அதற்கு அடுத்த வருடம் எல்லாம் உடைந்தது.

மாமிக்கு ஒரு மகன், எனக்கு மச்சான். நானும் அவனும் கலியாணம் கட்டவேண்டும் என்பது நாங்கள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே இரண்டு வீட்டிலும் தீர்மானமான விஷயம். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட நாளில் நான் மாட்டேன் என்றேன். ஒரே கோப்பையில் தின்று, ஒரே பேனைக்கு அடிபட்டு வளர்ந்தவனைக் கட்டுவது எனக்குச் சரிவராது. அதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. அவனுக்கும் மூச்சு வந்தது. வவுனியாவில் தனக்குப் பிடித்த ஒருத்தியைக் கட்டிச் சந்தோஷமாக இருக்கிறான். மகளின் படங்களை எனக்குத்தான் முதலில் அனுப்புவான். கலியாணம் கட்ட இருந்த இரண்டு பேருக்கும் ஒரு பிரச்சினையுமில்லை. கட்டிவைக்க இருந்த இரண்டு பேருக்கும்தான் கோபம்.

மாமிக்கு நான் மாட்டேன் என்றது கூடப் பெரிதில்லை. அது அவர் காதுக்கு வந்த விதம்தான் பெரிது. அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கசப்பான எதையும் ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். பக்கத்து வளவுக்கு நடந்துபோய்ச் சொல்லவேண்டியதை, கூட்டுறவுச் சங்கக்கடையில் நிற்கிற ஒரு மனிசியிடம் சொல்லி அனுப்பினார். அந்த மனிசி வழியில் இன்னும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் மாமியிடம் போனது. “எனக்கு நேர வந்து சொல்ல அவளுக்கு வாயில்லையோ?” என்று மாமி கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் நடித்ததை இரண்டு பேரும் வாழ்க்கையில் செய்யத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் கோபக்காரர்கள் கதைக்காமலே இருந்துவிடுவதில்லை. கிணறு ஒன்று, வாய்க்கால் ஒன்று, எப்படி முடியும்? ஆகவே நடுவில் ஒரு ஆள் வேண்டும். எதிரில் நிற்கிறவரைப் பார்க்காமல் நடுவில் நிற்கிறவரிடம், அவவிட்டச் சொல்லு, ஆடு வேலியைக் கடிக்குது எண்டு, என்று சொல்வார்கள். எதிரில் நிற்கிறவருக்கு வடிவாகக் கேட்கும். ஆனாலும் நடுவில் நிற்கிறவர் திருப்பிச் சொல்லும்வரை கேட்காத மாதிரி நிற்பார். ஆள் இல்லாவிட்டால் ஆட்டிடமோ கோழியிடமோ சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஆடு, கோழி, நான் மூன்று பேரும் வருடக்கணக்கில் இந்த உத்தியோகம் பார்த்தோம்.

இந்த நிலையில் அண்ணா அம்மாவைக் கனடாவுக்கு எடுக்கப் போட்ட விசா சரிவந்தது. போய்வருகிற விசா இல்லை, அங்கேயே இருக்கிறதுக்கு. அம்மா வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லத் தொடங்கினார். ஊரை விட்டுப் போகிறவர் உறவுக்கும் அயலுக்கும் நேரே போய்ச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாமல் போனால் அது செத்தவீட்டுக்குப் போகாததைப் போல, ஆயுளுக்கும் நிற்கும். நறுவிலிக்குளத்தில் இருக்கிற தூரத்துச் சொந்தம் வரைக்கும் பஸ் எடுத்துப் போய்ச் சொன்னார். பக்கத்து வளவுக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் நல்ல சேலையை உடுத்துவார், வேலிப் படலை வரைக்கும் போவார், திரும்பி வந்து சேலையை மடித்து வைப்பார்.

“மாமிக்கு நீ சொல்லிவிடு பிள்ளை” என்றார் ஒருநாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அன்றைக்கு ஆள் விட்டுச் சொன்னதில் வந்த வினைதானே இவ்வளவும். இதையும் ஆள் விட்டுச் சொன்னால் மாமி தன் சாவு வரைக்கும் மறக்கமாட்டார், அம்மாவும் அந்தக் குளிர் நாட்டில் இதை நினைத்து நினைத்தே கரைவார். அம்மா போகுமுன் மாமியின் முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கிழமைதான் பெடியன் தொலைபேசியில் வந்தான். ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பனி படத்தை டிஸ்க்காகப் போடுகிறதாம். படத்துக்கு மேலே இயக்குநரின் பேச்சு வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

“எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை அக்கா. அண்டைக்கு மண்டபத்தில அம்மாவும் மாமியும் கதைச்ச மாதிரிக் கதைச்சால் காணும். நான் மைக்கோட வாறன்.”

“தம்பி, அவை ரெண்டு பேரும் கோவம்.”

“ஐயோ. எப்ப தொடக்கம்?”

“உங்கட படத்தைப் பாத்துப் பழகிட்டினம்போல. பரவாயில்லை, வாங்கோ” என்றேன்.

மாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “அவ வாறாவோ?” என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். அவரும் அதையே கேட்டார். இரண்டு பேருக்கும் ஓம் என்றேன். அவள் வந்து நான் வராவிட்டால் பெடியன் என்ன நினைப்பான் என்பது இரண்டு பேருக்கும் பொதுவான கவலை.

எங்கள் வீட்டுக்கு மாமி வரமாட்டார், மாமி வீட்டுக்கு அம்மா போகமாட்டார். ஆகவே சனிக்கிழமை பூட்டிக் கிடக்கும் முன்பள்ளியைத் திறப்பித்தோம். யன்னல்களுக்கு மெத்தைகளை அண்டக் கொடுத்தோம், காகமும் உழவு மெஷினும் உள்ளே வராமல் இருக்க. சத்தம் போடும் என்று காற்றாடியையும் நிறுத்தியாயிற்று. மன்னார் வெயிலில் அந்த அறைக்குள் அவிந்தோம். கதிரைகளோ நாலு வயதுப் பிள்ளைகளின் பிளாஸ்ரிக் கதிரைகள். சிவப்பில் அம்மா, பச்சையில் மாமி, முழங்கால் நெஞ்சில் முட்ட, ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்தபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தார்கள். நடுவில் மஞ்சளில் நான். எதிரே மடிக்கணினி, அதற்கு அந்தப் பக்கம் நிலத்தில் பெடியன்.

“அம்மா, நீங்கள் சும்மா கதையுங்கோ. ஒருத்தரும் இல்லை எண்டு நினையுங்கோ” என்றான்.

படம் தொடங்கியது. குளக்கட்டு வந்தது. வீடு வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெடியன் கையால் சைகை காட்டினான். கடைசியில் மாமி என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, உன்ர கொம்மாவிட்டக் கேள், அந்தச் சட்டி ஆற்றை எண்டு.”

“அம்மா, அந்தச் சட்டி ஆற்றையாம்?”

“மாமியின்ரதான் எண்டு சொல்லு. ஆனா கறி நான் வைச்சது எண்டும் சொல்லு.”

“பிள்ளை, அந்தக் கறியில உப்பில்லை, நான்தான் போட்டது எண்டு சொல்லு.”

“உப்புக் கூடிப்போய்க் கமராக்காரத் தம்பி ரெண்டு செம்பு தண்ணி குடிச்சவர் எண்டு சொல்லு.”

பெடியன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நிறுத்தவா என்று கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன். பயணம் என்ற சொல் இந்த அறைக்குள் எப்படியாவது வரும் என்று காத்திருந்தேன். ஆடு வந்தது, கயிறு தடக்கி அம்மா மச்சாள் என்று கத்தினார். “உன்ர கொம்மாவுக்கு என்னை அக்கா எண்டு கூப்பிட ஒருநாளும் மனம் வரேல்லை எண்டு சொல்லு” என்றார் மாமி. சிரிப்பை அடக்கத் தெரியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், ஆனால் ஒருவர் சிரிப்பை மற்றவர் பார்க்கவில்லை. நடுவில் இருந்த எனக்குத்தான் இரண்டும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

பயணம் வரவில்லை. படம் முடிகிற இடம் வந்துவிட்டது.

கடைசிக் காட்சி பெடியனுக்கு உயிர். இரண்டு சகோதரிகளும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அரிசி புடைக்கிறார்கள். வெளிச்சம் மெல்ல மெல்லப் போகிறது. வேறொன்றும் நடக்காது, வெகுநேரம் நடக்காது. சுளகுச் சத்தம் மட்டும் கேட்கும். கேட்க ஒரு சட்டியுமில்லை, பகிடி பண்ண ஒரு ஆடுமில்லை. அம்மா திரையில் தன்னைப் பார்த்தார், பக்கத்தில் இருக்கிற மாமியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, மாமியிட்டச் சொல்லு…”

“நான் சொல்லமாட்டன்” என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது பெடியன் பிறகு பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது. “இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன். ரெண்டு பேருக்கும் வாயிருக்கு. நீங்களே சொல்லுங்கோ.”

திரையில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் போனது. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பாவமாக இருந்தது, ஆனாலும் நான் அசையவில்லை.

“மச்சாள்” என்றார் அம்மா.

மாமி திரும்பவில்லை.

“மச்சாள், நான் வாற கிழமை போறன். மூத்தவனிட்ட.” மூச்செடுத்தார். போறன் என்று சொல்லக்கூடாது என்பது நினைவு வந்தது போலும். “போட்டு வாறன்.”

“ஊரெல்லாம் சொல்லிச்சுது.”

“ஓம். உங்களிட்டத்தான் முதல் வரவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டனான். கால் வரேல்லை. என்னை ஏசுவியள் எண்டு பயந்தன்.”

“ஏசத்தான் செய்வன். அண்டைக்கும் இப்பிடி நேர வந்து சொல்லியிருந்தா ஏசியிருப்பன். ஏசி முடிச்சுத் தேத்தண்ணி ஊத்தித் தந்திருப்பன்.” மாமியின் குரல் உடைந்தது. “இவ்வளவு வருசம் கோவத்தில எண்டாலும் விடிய எழும்பினால் உன்ர குசினியில புகை வருதோ எண்டு பாப்பன். வரும். சரி, இருக்கிறாள் எண்டு என்ர வேலையைப் பாப்பன். நீ போனா நான் ஆரோடயடி கோவிச்சுக்கொண்டு இருக்கிறது?”

அம்மா வாய் விட்டு அழுதார். பெடியன் பதறிப்போய்ப் பொத்தானை அமத்தக் கை நீட்டினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமி ஹெட்போனைக் கழற்றி நிலத்தில் வைத்தார்.

“எழும்பு பிள்ளை” என்றார் என்னிடம். “நடுவில இருந்து மறைக்காத.”

எழும்பினேன். மாமி அந்த மஞ்சள் கதிரைக்கு மாறி இருந்தார். கதிரைக் கால் சீமெந்தில் உரசுகிற சத்தம் பதிவில் இருக்கிறது, அதோடு படமும் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. பிறகு பெடியன் இதையெல்லாம் வெட்டவா என்று இரண்டு பேரையும் கேட்டான். கிடக்கட்டும் என்றார்கள்.

டிஸ்க்கில் இருப்பது அவ்வளவுதான். நாங்கள் மெத்தைகளைக் கழற்றினோம், வயர்களைச் சுற்றினோம், காற்றாடியைப் போட்டோம். அவர்கள் எழும்பவில்லை. சாப்பிடக் கூப்பிடத் திரும்பி வந்தபோதும் அந்தச் சின்னக் கதிரைகளிலேயே முழங்கால் முட்ட இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. மாமி அவருக்குப் பின்னால் நகர்ந்து இருந்து விரலால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“அங்க உனக்கு ஆரடி தலை இழுத்து விடுறது?” என்று கேட்டார்.

அம்மா தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார்.